100 எம்பிபிஎஸ் வேக இணையம் இருந்தும் குரல் வெட்டுவது ஏன்? இணையவழிப் பேச்சு இயங்கும் விதம்

கிருஷ்ணகிரியில் ஒரு வீடு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டாயிற்று, யூடியூபில் படம் தடங்கலின்றி ஓடுகிறது. ஆனால் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் மட்டும் "ஹலோ... கேக்குதாப்பா... ஹலோ" என்பதிலேயே பாதி நேரம் கரைகிறது. வேகம் போதவில்லை என்று நினைத்து பிளானை 200-க்கு ஏற்றுகிறார்கள். பில் ஏறுகிறது, வெட்டு அப்படியே இருக்கிறது.

ஒரு குரல் அழைப்புக்கு அந்த 100 எம்பிபிஎஸ்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அதற்கு வேண்டியது நேரந்தவறாமை. படம் ஓடும்போது அடுத்த அரை நிமிடக் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நடுவில் இணைப்பு இரண்டு விநாடி தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. பேச்சை அப்படி முன்கூட்டி இறக்க வழியே இல்லை. மகன் இன்னும் பேசாத சொல்லை எங்கிருந்து இறக்குவது?

குரல் பொட்டலமாகும் இடம்

பழைய தரைவழித் தொலைபேசியில், தருமபுரி 04342-லிருந்து கிருஷ்ணகிரி 04343-க்குப் பேசினால், இரு முனைக்கும் இடையே ஒரு பாதை உங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். நீங்கள் வாய் திறக்காமல் இருந்தாலும் ரிசீவரை வைக்கும்வரை அது உங்களுடையது. இணையத்தில் அப்படி ஒதுக்கிய பாதை கிடையாது. எல்லாருடைய தரவும் ஒரே சாலையில், கிடைத்த இடைவெளியில் புகுந்து போகிறது.

அந்தச் சாலையில் ஏற வேண்டுமானால் குரல் முதலில் எண்ணாக மாற வேண்டும். மைக்கில் வரும் மின் அலையின் உயரத்தைத் தொலைபேசித் தரத்தில் விநாடிக்கு 8,000 தடவை அளக்கிறார்கள். தொலைபேசி சுமார் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும், ஓர் அலையைப் பிசகாமல் பிடிக்க அதன் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும், அதனால் 8,000. ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் விநாடிக்கு 64,000 பிட், அதாவது 64 கிலோபிட். 1972-இல் தரப்படுத்தப்பட்ட இந்த முறைக்கு ஜி.711 என்று பெயர். இன்றும் அலுவலக ஐபி போன்களில் இதுதான் அதிகம் ஓடுகிறது. பழைய போனில் 'ஸ்' ஒலியும் 'ஃப்' ஒலியும் ஒன்றுபோலக் கேட்டதற்குக் காரணமும் இங்கேதான்: அவற்றைப் பிரித்துக்காட்டும் கூறு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, அது வெட்டுப்பட்டுவிடும். 'எச்டி வாய்ஸ்' எனப்படுவது விநாடிக்கு 16,000 அளவு எடுப்பது. பேசுபவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோலக் கேட்பது அதனால்தான்.

எண்ணாக்கிச் சுருக்கும் இந்த நிரலுக்குக் கோடெக் என்று பெயர். ஜி.729 அதே குரலை 8 கிலோபிட்டில் அடக்கும், கொஞ்சம் தகரத்தனமாக. 2012-இல் வந்த ஓபஸ் 6 முதல் 510 கிலோபிட் வரை இணைப்பின் நிலைக்கேற்பத் தன்னைச் சுருக்கவும் விரிக்கவும் வல்லது. உலாவியிலேயே பேசும் வசதிக்கு இதையும் ஜி.711-ஐயும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது பொட்டலம் கட்டும் வேலை. வழக்கமாக 20 மில்லி விநாடிக் குரலுக்கு ஒரு பாக்கெட், ஆக விநாடிக்கு 50. ஜி.711-இல் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல் இருக்கும். அதன்மேல் முகவரியும் வரிசை எண்ணும் ஒட்ட 40 பைட்: முகவரி எழுதும் ஐபி உறைக்கு 20, அனுப்பும் முறையான யுடிபி-க்கு 8, வரிசை எண் தாங்கும் ஆர்டிபி-க்கு 12. மொத்தம் 200 பைட். விநாடிக்கு 50 என்றால் 80 கிலோபிட். ஈதர்நெட் உறையையும் சேர்த்தால் 87.2. ஜி.729-இல் இந்தக் கணக்கு வேடிக்கையாக இருக்கும்: குரல் 20 பைட், உறை 40 பைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்படியானால் 100 மில்லி விநாடிக்கு ஒரு பெரிய பொட்டலமாகக் கட்டினால் கூலி மிச்சமாகுமே? ஆகும். ஆனால் பொட்டலம் நிரம்பும்வரை 100 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் ஓர் எழுத்தே போய்விடும். "வரேன்" "வர" ஆகிவிடும். 20 என்பது அனுபவத்தில் படிந்த நடுவழி.

டேட்டா செலவு குறித்துக் கவலைப்படுவோருக்கு: ஜி.711-இல் ஒரு மணி நேரம் பேசினால் போக 36 எம்பி, வர 36 எம்பி. ஓபஸ் 24 கிலோபிட்டில் ஓடினால், உறையோடு சேர்த்து, இரு வழிக்கும் 36 எம்பியில் முடிந்துவிடும். நாளுக்கு 1.5 ஜிபி பிளானில் இது பொரிகடலை.

பதிவுத் தபால் வேண்டாம்

வங்கிப் பரிமாற்றமோ மின்னஞ்சலோ டிசிபி என்ற முறையில் போகும். அது பதிவுத் தபால் மாதிரி: ஒப்புகை வரவில்லை என்றால் திரும்ப அனுப்பும், வரிசை குலையாமல் கொடுக்கும். குரல் யுடிபி-யில் போகிறது. அது அஞ்சலட்டை, போட்டாயிற்று, சேர்ந்தால் சரி. தொலைந்த 20 மில்லி விநாடிக் குரலைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். முகூர்த்தம் முடிந்த பிறகு வரும் மாலை யாருக்கு?

தொலைந்ததை எதிர்முனை போன் எப்படிச் சமாளிக்கிறது? ஆர்டிபி உறையில் வரிசை எண்ணும் நேரக்குறியும் இருப்பதால் 412-க்குப் பின் 414 வந்தால் 413 காணோம் என்று தெரிந்துவிடும். முந்தைய பாக்கெட்டின் ஒலி வடிவத்தைக் கொஞ்சம் நீட்டி அந்த இடத்தை ஒட்டுப்போடும். ஒன்று போனால் காது கண்டுபிடிக்காது. தொடர்ந்து மூன்று நான்கு போனால் ஒட்டு பல்லிளிக்கும்; 'ரோபோ குரல்' என்று நாம் சொல்வது அந்த ஒட்டைத்தான். ஓபஸில் இன்னொரு தந்திரமும் உண்டு: ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தையதன் மட்டமான நகல் ஒன்றையும் மடித்து வைக்கலாம்.

இனி ஜிட்டர். இதைப் புரிந்துகொள்ள தொப்பூர் கணவாய் போதும். சேலத்திலிருந்து தருமபுரிக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராகக் கிளம்புகிறது என்று வையுங்கள். கணவாயில் ஒரு லாரி மேடேற முடியாமல் நின்றுவிட்டால் அரை மணி நேரம் பஸ்ஸே வராது, பிறகு மூன்று பஸ் ஒட்டிக்கொண்டு வரும். கிளம்பிய இடைவெளி ஒன்று, வந்த இடைவெளி வேறு. 20 மில்லி விநாடிக்கு ஒன்றாகக் கிளம்பிய பாக்கெட்டுகள் 5, 60, 2, 13 என்று தாறுமாறாக வந்து சேர்வதுதான் ஜிட்டர். வந்ததை வந்தபடியே ஒலித்தால் குரல் குதிக்கும். எனவே பெறும் பக்கம் ஒரு சிறு தாங்கல் கிடங்கு வைத்து, 40 அல்லது 60 மில்லி விநாடி நிறுத்திவைத்து, சீராக எடுத்து ஒலிக்கிறது. கிடங்கு பெரிதானால் வெட்டு குறையும், தாமதம் கூடும். சிறிதானால் நேர்மாறு. நல்ல செயலிகள் இதை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும். எதிர்முனைக் குரல் சில சமயம் இழுத்தும் சில சமயம் வேகமாகவும் கேட்பது அப்போதுதான்.

தாமதத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வாயிலிருந்து காதுவரை ஒரு வழிக்கு 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. 400-ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, திரும்ப ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை வழியாகக் கடலடிக் கேபிளில் சிங்கப்பூர் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி எடுக்கும். ஆக 18 மில்லி விநாடிதான் பயணம். பொட்டலம் கட்ட 20, கிடங்கில் 60, சுருக்கவும் விரிக்கவும் ஒலிக்கவும் இன்னொரு 20 என்று வைத்தாலும் 120-க்குள் அடங்கிவிடும். கடல் தாண்டும் தூரத்தைவிட நம் வீட்டுக்குள் ஏற்படும் தாமதம்தான் பெரும்பாலும் அதிகம்.

மணி அடிப்பது வேறு, குரல் போவது வேறு

இணைய அழைப்பில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன என்பதை மனதில் வைத்தால் பாதிப் பழுதுகளுக்கு விடை கிடைத்துவிடும். ஒன்று, அழைப்பை ஏற்பாடு செய்வது. அலுவலக போன்களில் இதைச் செய்வது எஸ்ஐபி, பேச்சுவழக்கில் 'சிப்'. உங்கள் போன் சர்வருக்கு 'இன்வைட்' அனுப்பும். அங்கிருந்து 100 என்றால் முயல்கிறேன், 180 என்றால் மணி அடிக்கிறது, 200 என்றால் எடுத்தாயிற்று. அதற்கு உங்கள் போன் 'ஆக்' என்று ஒப்புகை தரும். வைத்தால் 'பை'. 486 என்றால் வேறு அழைப்பில் இருக்கிறார், 404 என்றால் அப்படி ஓர் எண்ணே இல்லை. வழக்கமான போர்ட் (கருவிக்குள் தரவு நுழையும் கதவு எண்) 5060. இந்தக் கடிதப் போக்குவரத்திலேயே இரு பக்கமும் எந்தக் கோடெக், எந்த முகவரி, எந்த போர்ட்டில் குரல் என்று பேசி முடித்துக்கொள்கின்றன. இரண்டாவது, குரல்: அது ஆர்டிபி வழியாகத் தனிப் பாதையில் போகிறது.

மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால் முதல் வேலை முடிந்து இரண்டாவது சிக்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி 'நாட்', அதாவது ரூட்டர் செய்யும் முகவரி மாற்றம். வீட்டுக்குள் உங்கள் போனின் முகவரி 192.168.1.5 போல ஒன்று. வெளியுலகில் அதற்கு மதிப்பில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் "இரண்டாவது மாடி, இடதுபக்கக் கதவு" என்று மட்டும் எழுதிய கடிதம்போல. தெருப்பெயரே இல்லாமல் எந்தத் தபால்காரர் கொண்டுவருவார்? ரூட்டர்தான் வெளிமுகவரியை உள்முகவரியோடு பொருத்துகிறது, அதுவும் உள்ளிருந்து ஏதாவது வெளியே போன பிறகு, சிறிது நேரத்துக்கு மட்டும்.

இதைக் கடக்க, போன் முதலில் ஸ்டன் என்ற சர்வரிடம் "நான் வெளியிலிருந்து எந்த முகவரியில் தெரிகிறேன்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். இரு பக்கமும் அதைப் பரிமாறிக்கொண்டு நேரடியாகப் பேச முயலும். முடியாவிட்டால் டர்ன் என்ற இடைத்தரகு சர்வர் வழியே குரல் சுற்றிப் போகும். தாமதம் கொஞ்சம் ஏறும். மொபைல் டேட்டாவில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்வதால் இந்தச் சுற்று அடிக்கடி தேவைப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளிமுகவரி தரும் ஐபிவி6 இரு பக்கமும் இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

அரபு நாட்டில் உறவினர் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகளில் மட்டுமே இணைய அழைப்பு செல்லும். வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு நெடுங்காலமாகத் தடையில் இருக்கிறது. இங்கே ரூட்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

வெட்டும்போது எங்கே பார்ப்பது

முதல் கேள்வி: யாருக்கு வெட்டுகிறது? நீங்கள் சொல்வது அவருக்கு வெட்டினால் பழுது உங்கள் அப்லோடில் அல்லது அவருடைய டவுன்லோடில். அவர் சொல்வது உங்களுக்கு வெட்டினால் நேர்மாறு. மொபைலில் பெரும்பாலும் அப்லோடுதான் முதலில் சாகும். டவர் பல பத்து வாட் சக்தியில் பேசும். 4ஜி போனின் உச்சமே சுமார் 0.2 வாட். அஞ்செட்டி பக்கம், வத்தல்மலை பக்கம் டவருக்கு எட்டத்தில் நிற்கும்போது அவர் குரல் உங்களுக்குத் தெளிவாகவும் உங்கள் குரல் அவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்தும் கேட்பதன் காரணம் இது. ஆண்ட்ராய்டில் 'போனைப் பற்றி' பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் எண் தெரியும். 4ஜியில் மைனஸ் 90-க்கு மேல் நன்று. மைனஸ் 110-க்குக் கீழே போனால் மாடிக்கோ ஜன்னலோரத்துக்கோ நகருங்கள். கோடு எத்தனை நிற்கிறது என்று பார்ப்பதைவிட இந்த எண் நம்பகமானது.

வீட்டு வைஃபை என்றால், ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையைக் கணினியில் முதலில் ரூட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) 100 தடவை ஓடவிடுங்கள். 1 முதல் 5 மில்லி விநாடிக்குள் நிற்க வேண்டும். அங்கேயே 80, 150 என்று துள்ளினால் பழுது வைஃபையில். ஃபைபர்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை. பக்கத்து வீட்டு ரூட்டர்களோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டுகிறதா என்று பாருங்கள். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ஒரே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். இரண்டு கல்சுவர் தாண்டினால் அது எடுபடாது. கணினியிலிருந்து பேசுபவர் 200 ரூபாய்க் கேபிளைச் செருகிவிட்டால் இந்த அத்தியாயமே முடிந்தது.

ரூட்டர்வரை சுத்தமாக இருந்து, வெளியே 8.8.8.8-க்கு (கூகுளின் பொது சர்வர்) ஓட்டும்போது துள்ளினால் லைன்தான். இதை இரண்டு தடவை செய்யுங்கள்: ஒருமுறை வீடு அமைதியாக இருக்கும்போது, ஒருமுறை யாராவது பெரிய வீடியோவை அனுப்பும்போது. சும்மா இருக்கையில் 20, அனுப்புகையில் 600 என்றால் ரூட்டருக்குள் வரிசை நீள்கிறது. கணக்கைப் பாருங்கள்: அப்லோடு 2 எம்பிபிஎஸ் உள்ள லைனில் ரூட்டர் 250 கிலோபைட்டை வரிசையில் நிறுத்திவைத்தால், அது கரைய ஒரு முழு விநாடி. உங்கள் 200 பைட் குரல் பொட்டலம் அந்த ஒரு விநாடி பின்னால் நிற்கிறது. கல்யாண ஆல்பத்தை கூகுள் போட்டோஸ் பின்னணியில் ஏற்றிக்கொண்டிருப்பதே பல வீடுகளில் 'நெட் சரியில்லை'யின் முழுக்கதை. ரூட்டரில் க்யூஓஎஸ் (எந்தத் தரவு முதலில் போக வேண்டும் என்று முன்னுரிமை தரும் வசதி) இருந்தால் அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தின் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். வரிசை ரூட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். இல்லையென்றால், பேசும் நேரத்தில் ஏற்றத்தை நிறுத்துங்கள்.

பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் ஜிட்டர் 30 மில்லி விநாடிக்குள்ளும் இருந்தால் லைனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால், பழுது பெரும்பாலும் எதிர்முனையில். அவருடைய ஸ்பீக்கர் ஒலியை அவருடைய மைக்கே பிடித்து அனுப்புகிறது. அவர் ஸ்பீக்கர் ஒலியைக் குறைக்கட்டும், அல்லது ஹெட்செட் மாட்டட்டும். நம் பக்கம் என்ன செய்தாலும் தீராது.

அலுவலகத்தில் போடும்போது

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் அலுவலகம், ஒரே நேரத்தில் 10 பேர் பேசுவார்கள் என்று வையுங்கள். ஜி.711-இல் 10 அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 872 கிலோபிட் போதும். ஐபி போன்களுக்குத் தனித்தனி அடாப்டர் வாங்காமல் பிஓஇ சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். லேன் கேபிளிலேயே மின்சாரமும் போகும். 802.3ஏஎஃப் தரத்தில் சுவிட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் 15.4 வாட் வரை தரும். சாதாரண போனுக்கு அதில் பாதிகூட ஆகாது. சுவிட்சுக்கு ஒரு யுபிஎஸ் வைத்தால் எல்லா மேசைக்கும் சேர்த்துக் காப்பு.

இங்கே வரும் பழுதுகளுக்கு நேரமே கைரேகை. அழைப்பு சரியாக 32 விநாடியில் துண்டிக்கிறதா? 200-க்கு அனுப்பிய 'ஆக்' போய்ச் சேரவில்லை. எதிர்முனை 32 விநாடி காத்துப் பார்த்து விட்டுவிடுகிறது. ஒரே சீராக 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால், அழைப்பு உயிரோடிருக்கிறதா என்று அவ்வப்போது உறுதிசெய்யும் செஷன் டைமர் புதுப்பிப்பு நடுவில் எங்கோ தடுக்கப்படுகிறது. வெளியே போகும் அழைப்பு நன்றாக இருக்கிறது, உள்ளே வரும் அழைப்பு மட்டும் காலையில் அடிக்காது, யாராவது ஒரு தடவை வெளியே பேசிய பிறகு அடிக்கும் என்றால் ரூட்டர் தன் முகவரிப் பொருத்தத்தை மறந்துவிட்டது. போனில் 'கீப் அலைவ்' (மறக்காமலிருக்க அவ்வப்போது ஒரு சிறு பாக்கெட் அனுப்பும் வசதி) 30 விநாடிக்கு வையுங்கள். எதற்கும் முன்பாக ரூட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாக நினைத்து முகவரிகளைக் கன்னாபின்னாவென்று திருத்திவைக்கும் வசதி அது. அணைத்தால் கெட்டது என்று சொல்லும் நிறுவல் அரிது.

எக்ஸ்டென்ஷன் 101-க்குக் கடவுச்சொல்லும் 101 என்று வைத்து, 5060 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவைக்காதீர்கள். இணையம் முழுவதையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடும். சனிக்கிழமை இரவு உங்கள் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகள் போய், திங்கட்கிழமைதான் தெரியவரும். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் சேவை தருபவரிடமே அடைத்துவிடச் சொல்லுங்கள்.

டவர் இல்லாத வீட்டில்

மலையோரத்தில் ஃபைபர் வந்துவிட்டது, டவர்தான் எட்டவில்லை என்றால் போன் அமைப்பில் 'வைஃபை காலிங்' போட்டுக்கொள்ளலாம். உங்கள் வழக்கமான எண்ணே வைஃபை வழியே போகும். எதிரில் இருப்பவரிடம் எந்தச் செயலியும் வேண்டாம். 4ஜியில் நாம் பேசும் வோல்ட்டியும் உள்ளுக்குள் இதே சிப், ஆர்டிபி சரக்குதான். முக்கிய வேறுபாடு, வோல்ட்டி குரலுக்கு டவரில் முன்னுரிமைப் பாதை உண்டு, வாட்ஸ்அப் குரலுக்கு அது இல்லை. சந்தை நாளில் டவர் நெரியும்போது வாட்ஸ்அப் திணறி, சாதாரண அழைப்பு தெளிவாக இருப்பது அதனால்தான். வைஃபை காலிங் குறி வரவே இல்லை என்றால் ரூட்டரின் ஃபயர்வால் யுடிபி 500, 4500 போர்ட்டுகளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய தரைவழி போன் கரண்ட் போனாலும் பேசும். எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் கம்பியில் வந்துகொண்டிருந்தது. ஃபைபர் மோடமுக்கு அந்த வசதி இல்லை. அது பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து அதற்கேற்ற சின்ன டிசி யுபிஎஸ் ஒன்று வாங்கினால் சில மணி நேரம் ஓடும். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் அதிகமாக இருந்தால் பரவாயில்லை. மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. எங்கோ இழை அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது, அங்கே யுபிஎஸ்ஸால் ஆவது ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப்பிலிருந்து 108-ஐயோ 112-ஐயோ அழைக்க முடியாது. வீட்டில் எல்லாப் பேச்சும் செயலியிலேயே நடந்தாலும், ரீசார்ஜ் காலாவதியாகாத ஒரு சிம்மும் சார்ஜ் உள்ள ஒரு பட்டன் போனும் டவர் கிடைக்கும் மூலையில் இருக்கட்டும்.